பெரிய வாசல் வழியாக வந்தவர்

ஷார்ஜாவின் ரோலாவில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது வேலுச்சாமி அண்ணனின் மகள் போன் செய்தார். "அப்பா காலையில தவறிட்டாங்க." சொந்த ஊரான முதுகுளத்தூருக்கு லீவில் போயிருந்தவர், அடுத்த வாரம் திரும்ப வேண்டியவர். வந்த இரண்டு பஸ்களையும் விட்டுவிட்டு அங்கேயே நின்றேன்.

எங்கள் கம்பெனியில் அவரை அறியாதவர் இல்லை. சாரம் கட்டும் ஆட்களுக்கு ஃபோர்மேன். நான் ஆட்களின் வருகையை எழுதும் டைம்கீப்பர். காலையில் ஆட்களை நான் நம்பர் சொல்லிக் கூப்பிட்டால் அவருக்கு ஆகாது. "நம்பர் ஒங்க நோட்டுல இருக்கட்டும் தம்பி" என்று என்னை ஒதுக்கிவிட்டு, ஊரையும் பேரையும் சேர்த்து அவரே கூப்பிடுவார். "வந்தாச்சு" என்று பதில் வந்தால்தான் அடுத்த பேர்.

அவருக்கு ஒரு குறை உண்டு. "எத்தன டவருக்குச் சாரம் கட்டிருப்போம். ஒண்ணுலயாவது பெரிய வாசல் வழியா போயிருக்கமா?" வேலை நடக்கும்வரை எங்களுக்குப் பின்பக்க கேட். முடிந்தபின் அதுவும் கிடையாது.

போன குளிர்காலத்தில் ஒரு வேலைக்காக எங்களில் ஆறு பேரை ஜோர்டானுக்கு அனுப்பினார்கள். வேலை முடிந்து ஒரு நாள் மிஞ்சியது. ஜெராஷ் என்ற ரோமானியர் காலத்து நகரத்தைப் பார்க்க அண்ணன் வழிகாட்டி ஒருவரைப் பேசி வைத்தார். எலும்பு வரை குளிர். எங்களிடம் இருந்த ஒரே கனத்த துணி, கம்பெனி கொடுத்த ஆரஞ்சு ஜாக்கெட், பளபளக்கும் பட்டையோடு. அதையே போட்டுக்கொண்டு போனோம்.

டிக்கெட் வாங்கித் திரும்பினால், காவலர் எங்களைப் பார்த்துப் பக்கத்து வழியைக் கைகாட்டினார். "யல்லா, வொர்க்கர்ஸ்." சீக்கிரம் நடங்க என்கிறார். சொன்னால் நம்ப மாட்டீர்கள், கையில் டிக்கெட்டோடு நாங்கள் அந்தப் பக்கமே நடந்தோம். பழக்கம். உள்ளே பழுதுபார்க்கும் வேலை நடந்த இடத்தில் ஒருவர் என்னிடம் மண்வெட்டியை நீட்டினார். நானும் வாங்கிக்கொண்டேன்.

அண்ணன் அதைப் பிடுங்கிச் சுவரில் சாத்தினார். "லீவு நாள்ல டூட்டி பாக்கவா வந்தோம்? திரும்புங்கடா."

"ஜாக்கெட்டைக் கழட்டிடலாம் அண்ணே" என்றேன்.

"எதுக்கு? குளிருதுல்ல. டிக்கெட்டு கையில இருக்கு, சட்டையப் பாத்தா உள்ள விடுவாங்க?"

எங்கள் வழிகாட்டி அட்டை பிடித்து வாசலில் நின்றுகொண்டு, எங்களைத் தாண்டி எங்களைத் தேடிக்கொண்டிருந்தார். அண்ணன் அட்டைக்கு நேர்கீழே போய் நின்றார். "சிக்ஸ் பர்சன். ஷார்ஜா. திஸ் ஒன்லி." அந்த மனிதர் வெட்கப்பட்டுச் சிரித்து, அவர் கையைப் பிடித்து முன்னால் நடத்திப் போனார். ஒரு பேரரசன் வந்தபோது எழுப்பிய வளைவு என்று மூன்று வாசல் கொண்ட நுழைவைக் காட்டினார். நான் தமிழில் சொன்னேன். அண்ணன் ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, நடு வாசலில் நுழைந்தார். அந்த நடையைப் பார்த்து எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

உள்ளே ஒரு திறந்தவெளி அரங்கு. நடுவில் ஒரு இடத்தில் நின்று பேசினால் மேல்படிவரை கேட்குமாம். அண்ணன் எங்களை மேலே ஏற்றிவிட்டுத் தான் கீழே நின்றார். "கமுதி செல்வராசு!" "வந்தாச்சு!" ஐந்து பேரையும் கூப்பிட்டார். கடைசியில் தன் பேரையும் கூப்பிட்டார். நாங்கள் ஐவரும் மேலிருந்து பதில் கொடுத்தோம். சுற்றுலா வந்திருந்த அத்தனை பேரும் கைதட்டினார்கள். "ஆளு சரியா இருக்கு" என்று அவர் தனக்குள் சொன்னதுகூட எங்களுக்குக் கேட்டது.

போன வெள்ளிக்கிழமை நாங்கள் ஐந்து பேரும், கடைசியாக அவரோடு சாரம் கட்டிய டவருக்குப் போனோம். மாடியிலிருந்து ஊரைப் பார்க்க இப்போது டிக்கெட் கொடுக்கிறார்கள். அதே ஆரஞ்சு ஜாக்கெட். வெயிலில் வியர்த்து ஊற்றியது. செக்யூரிட்டி பின்பக்கம் கைகாட்டினார். இந்த முறை எங்களில் ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. டிக்கெட்டைக் காட்டினோம், கண்ணாடிக் கதவு திறந்தது.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தத் திரும்பாத கால்தான். உச்சிக்குப் போனதும் நோட்டு இல்லாமல் கூப்பிட்டேன்.

"முதுகுளத்தூர் வேலுச்சாமி!"

நால்வரும் சேர்ந்து சொன்னார்கள். "வந்தாச்சு!"