கழுவிவிட்டுத்தான் காபி

காபி மிஷின் ரிப்பேர்காரருக்கு இருபத்திரண்டு வருஷ அனுபவம். ஆபீஸ், ஆஸ்பத்திரி, காலேஜ் என்று எத்தனையோ மிஷின்களின் வயிற்றைத் திறந்து பார்த்தவர். பார்த்ததோடு வாயை மூடிக்கொண்டிருந்தால் தேவலை. யாராவது கப்பை வாயருகே கொண்டுபோகும்போதுதான் அவருக்கு ஞானம் பொங்கும். "உள்ள இருக்கிற பால் குழாயப் பாத்திருக்கீங்களா?" என்று ஆரம்பிப்பார். அவர் வந்துபோன வீடுகளில் காபி எப்போதும் மிச்சம்.

அன்று விடிவதற்கு முன்பே அவரும் மனைவியும் விமான நிலையத்தில் இருந்தார்கள். மகளைக் கட்டிக்கொடுக்கப்போகும் வீட்டாரை முதல் தடவையாகப் பார்க்கப் போகிறார்கள். காலைக் காபி இல்லையென்றால் அவர் மனைவிக்கு ஒன்பது மணிக்குத் தலைவலி வரும். தலைவலி வந்தால், வாயில் வருவதற்கு அவள் பொறுப்பல்ல. அந்த வாய்க்கு முன்னால் சம்பந்தியம்மாளைக் கொண்டுபோய் நிறுத்த முடியுமா?

அந்த நேரத்துக்குத் திறந்திருந்தது ஒரே ஒரு காபிக் கடை. இவர்கள் முறை வந்தபோது மிஷின் ஒரு செருமல் செருமிவிட்டு நின்றுபோனது.

"சர்வீஸ் ஆளு பத்து மணிக்குத்தான் சார் வருவாங்க" என்றாள் கடைப்பெண்.

"என்னங்க மரம் மாதிரி நிக்கிறீங்க? போய்ப் பாருங்க" என்றாள் மனைவி.

அவருடைய ஸ்க்ரூடிரைவரைப் பாதுகாப்புச் சோதனையிலேயே பிடுங்கிவிட்டார்கள். சம்பந்தி வீட்டுக்கு அது எதற்கு என்று கேட்டதற்கு இவரிடம் பதில் இருந்தால்தானே! ஸ்பூன் காம்பை வைத்தே ஐந்து நிமிடத்தில் சரிசெய்துவிட்டார். வரிசையில் நின்ற கோட்டுக்காரர் கைகூடத் தட்டினார்.

அதோடு கையைத் துடைத்துக்கொண்டு வந்திருக்கலாம். ஆனால் உள்ளே குழாயைப் பார்த்துவிட்டாரே! மனசாட்சி குத்தியது. கழுவும் பட்டனை அமுக்கிவிட்டார். அமுக்கினால் பன்னிரண்டு நிமிடத்துக்கு அந்த மிஷின் யார் பேச்சையும் கேட்காது.

"ரிப்பேர் பண்ணச் சொன்னா குளிப்பாட்டுறீங்களே சார்!" என்றார் கோட்டுக்காரர்.

"உள்ள பாத்தா நீங்களே குளிப்பாட்டுவீங்க."

"நான் ஏன் சார் உள்ள பாக்கணும்? குடிக்கத்தானே வந்தேன்!"

மனைவி கடிகாரத்தைப் பார்த்தாள். விமானத்தில் ஏறச் சொல்லி அழைத்தார்கள். அவள் அசையவில்லை. "காபி வராம நான் வரல."

ஒருவழியாகக் கழுவி முடிந்தது. முதல் கப் வந்தது. அவள் உதட்டருகே கொண்டுபோனாள். அவர் வெடுக்கென்று பிடுங்கிக் கீழே கொட்டினார்.

"முதல் கப்புல கழுவுற மருந்து கலந்திருக்கும். அடுத்தது குடி."

அடுத்தது வருவதற்குள், பாக்கி இரண்டு பயணிகளும் உடனே வரவேண்டும் என்று கடைசி அறிவிப்பு. ஓடினார்கள். ஓடும்போது திரும்பிப் பார்த்தால், அந்த இரண்டாவது கப்பைக் கோட்டுக்காரர் ரசித்து உறிஞ்சிக்கொண்டிருக்கிறார். அவருக்கு அடுத்த விமானமாம்!

இருக்கையில் உட்கார்ந்தும் மனைவி முகம் கொடுக்கவில்லை. மேலே போனதும் பணிப்பெண் காபி கொண்டுவந்தாள். மனைவி வாங்கிக்கொண்டாள். இவருக்கு ஞானம் தொண்டை வரை வந்துவிட்டது. வாயைத் திறந்தார்.

"சொல்லுங்க, கேப்போம்" என்றாள் அவள், கப்பை இறக்காமல்.

"சூடா இருக்கான்னு கேக்க வந்தேன்."

"இருக்கு."

கடைசிச் சொட்டுவரை குடித்தாள். சம்பந்தியம்மாள் பிழைத்தாள்.