வியாழக்கிழமைக்கு விரதம் இல்லை

நெடுந்தீவில் வாகீசனைப் போலக் குடித்தவரும் இல்லை, வாகீசனைப் போல விரதம் பிடித்தவரும் இல்லை. வெள்ளிக்கிழமை வாயில் ஒரு சொட்டுப் படாது. செவ்வாய் அம்மனுக்கு. கந்தசஷ்டி ஆறு நாளும் மிளகும் தண்ணீரும்தான். நல்லூர்க் கந்தனுக்குக் கொடி ஏறினால் இருபத்தைந்து நாளும் கள்ளுத் தவறணைப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார். இருபத்தாறாம் நாள் தவறணை திறக்கமுதல் வாசலில் நிற்பார்.

தொழில், பயணிகள் படகு ஓட்டுவது. தைப்பொங்கல் கழிந்து நாலாம் நாள், கள்ளு வெறியில், குறிகட்டுவான் துறைக்குப் போகவேண்டிய எழுபது பேரைக் கொண்டுபோய் நயினாதீவில் இறக்கினார். இறங்கிய சனம் அங்கேயுள்ள அம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் திட்டியது. ஊரும் சிரித்தது. ஆனால் அந்தச் சனத்துக்குள் பிரசவத்துக்குப் போன ஒரு பெண்ணும் இருந்தாள். தாயும் பிள்ளையும் சுகம். ஊரின் சிரிப்பு மட்டும் அதோடு நின்றது.

படகுச் சங்கத் தலைவர் சிவகுரு வாத்தியார் சுக்கானைப் பறித்தார். "ஆறு மாசம் ஒரு துளி தொடாமல் இரும், திருப்பித் தாறன். தொட்டீரோ, இந்தக் கடலிலை நீர் இனிப் பயணிதான்."

மற்றவன் ஓட்டும் படகில் பயணியாக இருப்பது வாகீசனுக்குச் சாவு. தனியே முயன்று பார்த்தார். மூன்று நாள் தாங்கியது. நாலாம் நாள் அவர் தவறணைக்குக் கிளம்ப, மனைவி மனோகரி மறித்துக் கையில் பிடித்து எமிலியானுஸ் அடிகளாரிடம் கொண்டுபோய் விட்டாள். மன்னார்ப் பக்கத்திலிருந்து மறைபரப்ப வந்த துறவி அவர். வந்து ஒரு வருடம்; ஒவ்வொரு கடற்பயணத்திலும் சாப்பிட்டதையெல்லாம் சத்தி எடுத்ததைத் தவிரத் தீவில் பெரிதாக எதையும் பரப்பியிருக்கவில்லை.

"உம்மாலை விடேலாதோ?"

"ஏலாது பாதர். மூண்டு நாளுக்கு மேலை ஏலாது."

"நல்லூருக்கு இருபத்தைஞ்சு நாள் இருக்கிறீராம்?"

"அது விரதமெல்லோ பாதர்!"

பாதர் சுவரிலிருந்த கலண்டரைக் கழற்றிச் சிவப்புப் பேனையைத் தேடினார்.

செவ்வாயும் வெள்ளியும் ஏற்கெனவே வாகீசனுடையவை. ஞாயிறு ஆண்டவருக்கு, புதன் சூசையப்பருக்கு, சனி மாதாவுக்கு, திங்கள் உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்கு. பௌர்ணமிப் போயா நாளில் தவறணைக்குப் பூட்டு. அதை அரசாங்கம் பார்த்துக்கொண்டது. தவக்காலம் நாற்பது நாளையும் ஒரேயடியாக விழுங்கியது. விரதம் யாருடைய கடவுளுக்கு என்று கேட்பது மரியாதையில்லை என்பது வாகீசனின் கொள்கை. மிஞ்சியது வியாழன். ஒவ்வொரு வியாழனுக்கும் சதுர்த்தியோ சஷ்டியோ ஒரு புனிதரோ தேடிப் பிடிக்கவேண்டியிருந்தது.

முதல் வாரம் உடம்பு உதறியபோது பாதர் ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போனார். பிறகு நாள்தோறும் நாலு மணிக்கு, தவறணை களைகட்டும் நேரம் பார்த்து, தன் கோயில் விறாந்தையில் மர வாங்கில் இருத்தித் தலையில் கைவைத்துச் செபித்தார். முடிவில் வாகீசன் "ஆமென்" என்பார். பழக்கதோஷத்தில் "அரோகரா"வும் கூட வரும்.

வாகீசன் கிறிஸ்தவ வேதத்துக்கு மாறிவிட்டார் என்று ஊர் பேசியது. அடுத்த நாளே அவர் வழமையைவிட அகலமாகத் திருநீறு பூசிப் பிள்ளையார் கோயிலில் நின்றார். இப்போது வேதக்காரரும் கோபித்தார்கள்.

வைகாசியில் ஒரு வியாழன். பாதரின் கலண்டரில் ஏகாதசி என்று சிவப்பாக இருந்தது. அது திருக்கணித பஞ்சாங்கக் கணக்கு. வாகீசனின் கோயில் பார்ப்பதோ வாக்கிய பஞ்சாங்கம். அதன்படி ஏகாதசி முதல் நாளே வந்து போயிற்று, அவர் விரதம் பிடித்தும் விட்டார். ஆக அந்த வியாழன், யாருக்கும் சொந்தமில்லாத வெறும் நாள்.

நாலு மணிக்கு வாங்கில் ஆளைக் காணாமல் பாதர் சைக்கிளை மிதித்தார்.

தவறணையில் வாகீசன், பனையோலையில் கோலிய பிளாவை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டிருந்தார். கள்ளு விளிம்புவரை நின்றது. உதடு இன்னும் படவில்லை.

"கோயிலை இஞ்சை மாத்தியாச்சோ பாதர்?" என்றான் தவறணைக்காரன் சதீசன். எல்லாரும் சிரித்தார்கள்.

பாதர் பக்கத்தில் போய் இருந்தார்.

"இண்டைக்கு விரதம் இல்லை பாதர். அது நேற்றே முடிஞ்சுது." வாகீசனின் குரல் கெஞ்சியது. "உங்கடை பக்கத்திலை ஆரும் புனிதர் இருக்கினமோ?"

புனிதர்களுக்குப் பஞ்சமில்லாத திருச்சபை. ஏதோ ஒரு பெயரைச் சொல்லியிருக்கலாம்.

"பொய் சொல்லேலாது வாகீசன். இண்டைக்குச் சும்மா வியாழக்கிழமை. செபம் மட்டும்தான் இருக்கு."

"அப்ப கெதியாச் சொல்லுங்கோ."

"ஆண்டவரே, இண்டைக்கு எந்த நாளும் பெருநாளும் எங்களுக்குத் துணையில்லை. நீர் இரும்."

வாகீசன் திருப்பிச் சொன்னார். மறுபடியும் சொன்னார். மூன்றாம் தரம் பாதர் சொல்லவில்லை. வாகீசனின் குரல் மட்டும் கேட்டது. பிளாவில் ஒரு வில்லங்கம் உண்டு: அது நிலத்தில் நிற்காது. ஒன்றில் குடிக்கவேண்டும், இல்லையென்றால் ஊற்றவேண்டும்.

வாகீசன் மணலில் ஊற்றினார்.

"ஐயோ, நல்ல கள்ளு!" என்றான் சதீசன்.

வீட்டுக்கு வந்தவரை மனோகரி குசினி வாசலில் மறித்தாள். "இஞ்சாருங்கோ, இண்டைக்கு என்ன விரதம்? சோறு வைக்கிறதோ, பாலும் பழமுமோ?"

"ஒரு விரதமும் இல்லை. குடிக்கேல்லை, அவ்வளவுதான்."

அவள் கதிரையில் குந்தி அழுதாள். பிறகு மீன் பொரித்தாள்.

ஆடி பிறந்து ஐந்தாம் நாள் ஆறு மாதம் நிறைந்தது. சோளகக் காற்று கடலைக் கிண்டிக்கொண்டிருந்தது. சிவகுரு வாத்தியார் சுக்கானைக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, சோதிக்கத் தானும் ஏறினார். மனோகரி முதல் வரிசையில் இருந்தாள். பாதர் வழமைபோலக் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஆயரில்லத்துக்குப் போகிறார், எத்தனை பேர் மனம் திரும்பினார்கள் என்று அங்கே கேட்பார்கள். ஒருவர் என்று சொல்லலாம். எந்தப் பக்கம் திரும்பினார் என்பதைத்தான் விளக்கவேண்டியிருக்கும்.

வாகீசன் திருநீற்று நெற்றியைத் தொட்டுச் சிலுவையும் போட்டுக்கொண்டு படகை எடுத்தார். அலைகளுக்கு மூக்கைக் கொடுத்து, பக்கத்தைக் கொடுக்காமல், கடல் முழுக்கக் கொண்டுபோனார். அன்று பாதர் சத்தி எடுக்கவில்லை.

படகு இறங்குதுறையில் பூப்போல அணைந்தது. எழுந்த சிவகுரு வாத்தியார் கரையைப் பார்த்துக் கேட்டார்: "இது குறிகட்டுவான்தானே, வாகீசன்?"

"இறங்கிப் பார்த்திட்டுச் சொல்லுங்கோ வாத்தியார்," என்றார் வாகீசன். "நான் திரும்பிப் போற சனத்தை ஏத்தவேணும்."