புது நகரத்துக்குக் கொச்சிக்கடைச் சோறு

கடலில் மண்ணைக் கொட்டி அரசாங்கம் ஒரு நகரம் கட்டுகிறது. அதனால் கொழும்பு மட்டுமல்ல, சுற்றியுள்ள இடமெல்லாம் வளரும் என்கிறார்கள். வளரட்டும், நான் அதற்கு எதிரி இல்லை. ஆனால் அவர்கள் காட்டிய படத்தில் மரம் இருந்தது, கண்ணாடிக் கட்டிடம் இருந்தது, நாயுடன் நடக்கும் பெண் இருந்தாள். சோறு தின்னும் ஆள் ஒருவரையும் காணவில்லை. எனக்குக் கோபம் அங்கேதான் தொடங்கியது.

கொச்சிக்கடையில் நான் சோற்றுக் கடை நடத்துகிறேன். முன்பு என் பார்சல்கள் துறைமுகக் கிடங்குகளுக்குப் போயின. அங்கே வேலை குறைந்தபோது கடையும் படுத்துவிட்டது. அதைத் தூக்கி நிறுத்தியது இந்தப் புது நகரம்தான். அதை மறைக்க மாட்டேன். அங்கே கம்பி கட்டுகிறவர்களில் பலர் ஹற்றன் பக்கத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். பருப்பு, கருவாட்டுக் குழம்பு, சம்பல் வைத்துக் கட்டிய பார்சல் மதியத்தில் ஓட்டோவில் போகும். நானும் என் மச்சாளும் சமைப்போம். எங்கள் ஒழுங்கையில் குடியிருக்கும் பெண்கள் சிலர் பார்சல் கட்டிக் கொடுப்பார்கள்.

ஒரு நாள் வேலைத்தள வாசல் காவலாளி ஓட்டோவைத் திருப்பி அனுப்பிவிட்டான். வேறு எங்கிருந்தோ வந்த சாப்பாட்டால் சிலருக்கு வயிறு கெட்டதாம். இனி வெளிச் சோறு உள்ளே வரக்கூடாதாம். வேலைத்தள அலுவலகத்துக்குப் போன் எடுத்துச் சத்தம் போட்டேன். சமையலறையைப் பார்க்க ஒருவர் வருவார் என்றார்கள், எப்போது என்று சொல்லவில்லை. பார்சல் கட்டுகிற பெண்களை வீட்டில் நிற்கச் சொன்னேன். வாசல் திறக்காவிட்டால் கடையையும் பூட்ட வேண்டியதுதான்.

செவ்வாய்க்கிழமை வந்தது. அன்று அந்தோனியார் கோவிலுக்கு எல்லாச் சமயத்தவரும் வருவார்கள். நேர்த்திக்கடன் வைத்தவர்கள் எங்கள் கடையில் காசு கட்டி, பசித்தவர்களுக்குப் பார்சல் கொடுக்கச் சொல்வார்கள். கடையின் பக்கத்து யன்னலடியில் யார் நின்றாலும் கொடுப்போம். நீ யார் என்று கேட்பதில்லை.

அன்று அந்த யன்னலடி வரிசையில் ஒரு சிங்கள மனிதர் நின்றார். சட்டையெல்லாம் புழுதி, சப்பாத்தில் சேறு. முறை வந்ததும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மச்சாள் விடவில்லை. சிங்களத்தில்தான், மாத்தயா என்று மரியாதை வைத்தே அதட்டினாள்.

“கதைக்காம ரெண்டு கையையும் நீட்டுங்க மாத்தயா. பசிக்கு என்ன வெக்கம்?”

அவர் கையை நீட்டினார். நேர்த்திச் சோற்றை மறுக்கக் கூடாது என்று அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கடை வாசல் வாங்கில் உட்கார்ந்து முழுவதையும் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு என்னிடம் வந்து, தான் வேலைத்தளத்துப் பொறுப்பதிகாரி என்றும், சமையலறையைப் பார்க்க வந்து, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் வரிசையில் நின்றதாகவும் சொன்னார். மச்சாள் கரண்டியோடு உள்ளே ஓடி ஒளிந்தாள்.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அடுப்படிக்குக் கூட்டிப்போய்ப் பானை, குழாய்ப் பீலித் தண்ணீர், சோறு கட்டும் இலை, கழிவு வாளி எல்லாவற்றையும் காட்டினேன். பிறகு மனதில் இருந்ததைக் கேட்டேன்.

“உங்கட சிட்டியால இந்தப் பக்கமெல்லாம் வளருமெண்டு சொல்றீங்க. எங்கட சோத்துக்கே கேட்டைத் திறக்கல்லையெண்டா, அந்த வளர்ச்சி எந்த வழியால வெளிய வரும்?”

அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. ஆட்களுக்கு வயிறு கெட்டால் தான்தான் பதில் சொல்ல வேண்டும் என்றார். அது நியாயம். தண்ணீரைச் சோதித்துக் காட்ட வேண்டும், பார்சலை மூடிய பெட்டியில் கொண்டுவர வேண்டும். இரண்டையும் செய்தால் வாசல் திறக்கும் என்றார். போகும்போது உள்ளே எட்டிப் பார்த்து, “அக்கே, சம்பல் கொஞ்சம் உறைப்பு” என்றார்.

“அப்ப ஏன் இலைய வழிச்சுத் திண்டீங்க?” என்று உள்ளிருந்தே கேட்டாள் மச்சாள்.

இரண்டையும் செய்தோம். வாசல் திறந்தது. பழைய பெண்கள் திரும்பி வந்தார்கள், புதிதாகவும் ஆள் எடுத்தேன். இப்போது புது நகரத்துக்குள் அலுவலகங்கள் வரப்போகின்றன. அங்கே உணவுக் கடைகளுக்கு இடம் ஒதுக்குவார்களாம். பெரிய பெரிய பெயர்களுக்குத்தான் கிடைக்கும், உனக்கு எங்கே தரப்போகிறார்கள் என்று வெள்ளவத்தையில் இருக்கும் என் தம்பி சொல்கிறான். அவன் புது நகரத்தில் வீடு வாங்கினால் என்ன விலை ஏறும் என்று மட்டும் பார்க்கிறவன். நான் அங்கே ஒரு கடைக்கு இடம் கேட்கத்தான் போகிறேன். இல்லை என்றால், ஏன் இல்லை என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.