பூண்டி வழியாக மண்ணரை வரை

ஊர் சுற்றிக் காட்டும் தொழிலை ஊட்டியில் செய்தால் பாதி வேலையை மலையே பார்த்துக்கொள்ளும். திருப்பூரில் முழுவதையும் நாமேதான் பார்க்க வேண்டும். இரண்டாயிரத்து நாலைந்து வாக்கில் நான் அந்த வேலையைப் பார்த்தேன். பனியன் வாங்க வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை பொழுது போகாது. அவர்களை வேனில் ஏற்றிச் சுற்றிக் காட்டுவோம். அந்தக் கட்டணத்தில்தான் மண்ணரையில் எங்கள் படிப்பு மையம் நடந்தது. தெற்கேயிருந்து பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகள் பனியன் கம்பெனி வேலைக்குப் போகாமல் படிக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. விருந்தாளிகளை மேய்த்துப் பழகியவர்களே, மிச்சத்தை உங்களிடம்தான் சொல்லி அழ முடியும்.

கண் இல்லாத பிள்ளையார்

திருமுருகன்பூண்டி சிற்பக்கூடத்துக்கு ஒரு ஜெர்மன்காரரை அழைத்துப் போனேன். வாரம் முழுக்கப் பனியனில் ஓட்டை தேடிய மனுஷன் சும்மா இருப்பாரா? ஒவ்வொரு சிலையாகக் குனிந்து பார்த்து, எல்லாவற்றிலும் ஒரே குறை, கண் இல்லை என்றார். கண் திறப்பது கடைசியில்தான், கோயிலுக்குப் போன பிறகு என்று தொண்டை வறளச் சொன்னேன். அதற்குள் பையிலிருந்து, துணியில் பழுதைக் காட்ட ஒட்டும் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை எடுத்துப் பிள்ளையார் முகத்தில் ஒட்டிவிட்டார். சிற்பி உளியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மிணி, சாமியவும் ரிஜெக்ட் பண்ணிப் போடுவாருங்களா?"

வேன் கொடுத்த முதலாளி

வேலம்பாளையத்துக் கம்பெனி முதலாளி ஒருவர் எங்களுக்கு வேன் தந்தார். கூடவே சனிக்கிழமை தவறாமல் போன் செய்து என் உயிரை வாங்கினார். பூண்டிக்குப் போங்க, அவிநாசிக்குப் போங்க, மண்ணரை மட்டும் வேண்டாம் என்பார். பயணமே அந்த மையத்துக்காகத்தானே என்று கத்தாத குறையாகக் கேட்டேன்.

"பிள்ளைங்க படிக்கட்டுங்க, வேண்டாங்கலீங்க. பாரின்காரங்க கண்ணுல மட்டும் பிள்ளைங்க படக்கூடாதுங்க."

ஆளில்லாத வகுப்பு

அவர் பேச்சை நான் கேட்கவில்லை. அடுத்த வாரமே அந்த ஜெர்மன்காரரையும் இன்னும் ஐந்து பேரையும் மண்ணரைக்கு அழைத்துப் போனேன். எங்கள் பிள்ளைகளில் ஒருவர்கூட வேலைக்குப் போவதில்லை என்று வழியெல்லாம் பெருமையடித்தேன். போய்ப் பார்த்தால் பாய் இருக்கிறது, விரித்த நோட்டுகள் இருக்கின்றன, வாசலில் செருப்புகள் இருக்கின்றன. ஒரு பிள்ளை இல்லை! டீச்சர் சாக்பீஸும் கையுமாகத் திகைத்து நிற்கிறார். எனக்கு மானமே போய்விட்டது.

பின்பக்கம் ஓடினேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் எல்லாம் குந்தியிருந்தன. முன்னால் ஏழாம் வகுப்பு செல்வராணி. காய்ச்சல் என்று இரண்டு வாரம் வராமல் இருந்து அன்றுதான் வந்திருந்தாள். கம்பெனி வேனைப் பார்த்ததும் மற்றவர்களையும் இழுத்துக்கொண்டு ஓடியவள் அவள்தான். ஏன்டி ஓடினாய் என்று கத்தினேன். அவள் மூச்சு வாங்கியபடி சொன்னாள்:

"வெள்ளைக்காரவுக வந்தா பின்வாசல் வழியா ஓடி ஒளியணும்னு கம்பெனியில சொல்லிக் குடுத்திருக்காவக்கா."

ஊரையே சுற்றிக் காட்டிய நான் அதற்கப்புறம்தான் வேலம்பாளையத்துக் கம்பெனியின் பின்வாசலைப் பார்க்கப் போனேன். செல்வராணியை அங்கிருந்து மீட்டுத் திரும்பப் பாயில் உட்கார வைக்க மூன்று மாதம் நடந்தேன், அதற்கு மட்டும் யாரும் வேன் தரவில்லை.