வைண்டிங்காரரின் கிடாரிஸ்ட்

மோட்டார் வைண்டிங் செய்கிற ஆளுக்கு ஜாஸ் எதற்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவர் ஒரே பதில்தான் வைத்திருந்தார். "காது எல்லாருக்கும் ரெண்டுதானே?"

எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய செப்புக்கம்பியை உருவிப் போட்டுவிட்டு, புதுக்கம்பியை எண்ணி எண்ணிச் சுற்றுவது அவர் தொழில். முப்பது வருஷ சர்வீஸ். ஓடுகிற மோட்டாரைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் "பேரிங் போச்சு" என்பார். திறந்து பார்த்தால் போயிருக்கும்.

சனிக்கிழமை மதியம் கண்ணாடிக்கடையின் பின்னறையில் ஜாஸ் பைத்தியங்கள் ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். கடைக்காரர்தான் தலைவர். அங்கே ஒரு சட்டம் உண்டு. புதிதாக இசைத்தட்டு கொண்டுவருகிறவர் உறையைக் காட்டாமல் ஒரு பக்கம் முழுக்கப் போடவேண்டும். பாதிக்கு மேல் கை தூக்கினால் தட்டுக்கு அலமாரியில் இடம், கொண்டுவந்தவர் பெயர் உறையின் பின்னால் ஏறும். இல்லாவிட்டால் வந்த வழியே வீடு. திரும்ப வரக்கூடாது. ஓட்டுப்போட்டு ரசிப்பது என்ன ரசனையோ, அவர்களைத்தான் கேட்கவேண்டும்.

ஆறு வருஷமாக அந்த அலமாரியில் வைண்டிங்காரர் பெயர் ஏறவில்லை. ஆனால் அவரிடம் ஒரு துருப்புச்சீட்டு இருந்தது. பழைய சாமான் கடையில் கிடைத்த தட்டு. ஆர்கன், கிடார், டிரம்ஸ், அவ்வளவுதான். கிடாரிஸ்ட் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் என்ன வாசிப்பு! அவர் மனைவி துணி மடிக்கும்போதுகூட அதைத்தான் முணுமுணுப்பாள். "எங்க ஆளு ஒருத்தர் இருக்கார், கொண்டுவர்றேன் பாருங்க" என்று ஒரு மாதம் பீற்றிக்கொண்டபின், ஒரு சனிக்கிழமை கொண்டுபோனார்.

ஒரு கைகூட எழவில்லை.

"தூங்கி எழுந்து நேரா வந்து வாசிச்ச மாதிரி இருக்கே வைண்டிங்!" என்றார் கடைக்காரர். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்ததுகூடப் பெரிதில்லை. அவர் காதுக்கே அன்று அது சவசவ என்றுதான் இருந்தது. அதுதான் அவரை அறுத்தது.

வீட்டுக்கு வந்து தன் பிளேயரில் போட்டார். கிடாரிஸ்ட் துள்ளிக்கொண்டு வந்தார். ஒரு நிமிடம் சந்தோஷம். அடுத்த நிமிடம் சந்தேகம்: அப்படியானால் தன் மோட்டார்தான் தப்பாக ஓடுகிறதோ? தட்டின் ஓரத்தில் ஒரு காகிதத்துண்டை ஒட்டி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எண்ணினார். மூன்று நிமிடத்தில் சரியாக நூறு சுற்று சுற்றவேண்டும். நூற்று மூன்று சுற்றியது.

பிளேயரின் மோட்டார் தண்டில் பட்டை ஓடும் சின்னச் சக்கரம் எப்போதோ உடைந்து, அவரே கடைசல் மெஷினில் கடைந்து போட்டது. தலைமுடி அளவு பெரிதாகிவிட்டிருந்தது. ஆக, தொழிலும் கோணல், காதும் கோணல்.

அன்று அவர் சாப்பிடவில்லை.

"மூணு சுத்துக்கா இந்தப் பாடு?" என்றாள் மனைவி.

"மோட்டார்காரன் வீட்டு மோட்டாரே தப்பா ஓடுது. வெளிய தெரிஞ்சா மானம் போயிடும்." அரத்தை எடுத்தார், சக்கரத்தைத் தேய்த்துச் சரிசெய்ய.

"ஐயோ, அதத் தொடாதீங்க! மத்த ரெக்கார்டெல்லாம் பஸ்ஸுக்கு ஓடுற மாதிரி ஓடும். இது ஒண்ணுதான் நிதானமா, நல்லாருக்கு."

அரம் அந்தரத்தில் நின்றது. இது ஒன்று மட்டும் ஏன்?

ஒரு தடவை இப்படியொரு ஆர்கனின் மோட்டாரை அவர் பழுதுபார்த்திருக்கிறார். உள்ளே சக்கரங்கள் சுழன்றுதான் அதில் சுருதியே பிறக்கும். மின்சாரத்தின் துடிப்பு எவ்வளவோ அவ்வளவுதான் சுற்றும். கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. கூட வாசிக்கிறவர்கள்தான் அதற்கு இசைந்து போகவேண்டும். ஆர்கன் பொய் சொல்லாது. அப்படியென்றால்...

அடுத்த சனிக்கிழமை பிளேயரைப் போர்வையில் சுற்றி, தட்டோடு தூக்கிக்கொண்டு போனார்.

"போன தட்டு திரும்பி வரக்கூடாது, சட்டம் தெரியும்ல?" என்றார் கடைக்காரர்.

"தட்டுக்குத்தானே சட்டம்? நான் மெஷின் கொண்டுவந்திருக்கேன்." பிறகு சொல்லவேண்டியதைச் சொன்னார். "இந்தச் சக்கரத்தை நான்தான் தப்பாக் கடைஞ்சேன். நூறுக்கு மூணு சுத்து கூட ஓடுது. சிரிக்கிறவங்க இப்பவே சிரிச்சிடுங்க."

சிரித்தார்கள். காது சிவக்க நின்றார். ஆனால் நின்றார்.

"டீச்சர், உங்க சுருதிக்குழலை எடுங்க."

பியானோ டீச்சர், அந்தக் கூட்டத்திலேயே கூர்மையான காது அவருக்குத்தான், கைப்பையிலிருந்து குழலை எடுத்தார். முதலில் கடை பிளேயரில் தட்டு ஓடியது. ஆர்கன் நீளமாக இழுத்த இடத்தில் டீச்சர் ஊதினார். முகம் சுளித்தார். ஆர்கன் எந்தக் கட்டையிலும் சேராமல் இரண்டு கட்டைகளுக்கு நடுவில் தொங்கியது. அப்புறம் வைண்டிங்காரரின் பிளேயர். அதே இடம். ஊதினார். குழலும் ஆர்கனும் ஒன்றாகிவிட்டன. எது எதுவென்று தெரியவில்லை.

டீச்சர் குழலைக் கீழே வைத்தார். "தட்டைப் பதிச்சவங்கதான் வேகத்துல தப்பு பண்ணியிருக்காங்க. வைண்டிங்கோட தப்பும் அவங்க தப்பும் சரியாப் போச்சு."

அந்தப் பக்கம் முழுக்க ஓடியது. தூங்கி எழுந்தவன் என்று பெயர் வாங்கின மனிதன் ஆர்கனோடு சரிக்குச் சரி நின்று வாசித்தான். முடிந்ததும் எல்லாக் கையும் மேலே போனது. கடைக்காரர் இரண்டு கையையும் தூக்கினார்.

"அப்போ இத்தனை வருஷமா இந்த ஆளை ஒருத்தரும் சரியாக் கேட்டதே இல்லையா?" என்றார்.

"நாங்க கேட்டிருக்கோம். நானும் என் வீட்டுக்காரியும்."

அதைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்த பெருமை நியாயமானது. பத்து விரலும் சம்பாதித்த பெருமை.

உறையின் பின்னால் கடைக்காரர் அவர் பெயரை எழுதினார். அலமாரியைத் திறந்து இடமும் ஒதுக்கினார். வைண்டிங்காரர் தட்டை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"பேரு இருக்கட்டும் சார், சந்தோஷம். தட்டு வீட்டுலதான் இருக்கும். கேக்கணும்னா வாங்க."

வந்தார்கள். அடுத்த சனிக்கிழமை அவர் வீட்டுக் கூடத்தில் நாற்காலி போதாமல் கடைக்காரர் தரையில் உட்கார்ந்தார். டீச்சர் தன் தோழி ஒருத்தியையும் கூட்டி வந்திருந்தார். கிடார் ஆரம்பித்ததும் அந்தத் தோழி நிமிர்ந்து உட்கார்ந்து, "யாருங்க இது?" என்றாள்.

வைண்டிங்காரர் வாயைத் திறப்பதற்குள், மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் இருந்த அவர் மனைவி சொன்னாள்:

"எங்க ஆளு."