செல்வியின் பாம்டாப்பும் என் போனும்

கச்சிராயபாளையம் கடைத்தெருவில் என் செருப்புக் கடைக்கும் செந்தமிழ்ச்செல்வியின் எஸ்.டி.டி. பூத்துக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான் இருந்தது. அந்தப் பக்கம் யார் பேசினாலும் இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். காதைப் பொத்திக்கொண்டா வியாபாரம் பண்ண முடியும்? கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள், கேரளாவுக்கு வேலைக்குப் போன பிள்ளையைக் கூப்பிடுகிறவர்கள், எல்லாரும் அவளிடம்தான் வருவார்கள். கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "நாங்கல்லாம் நல்லாக்கீறோம்பா, நீ ஒண்ணும் கவலப்படாத" என்பார்கள். வெளியே வந்து பில்லுக்குச் சில்லறை எண்ணும்போது கணக்கு தப்பிப் போகும்.

செல்வி இதை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தவள். "போனுல நெசத்த சொல்றவங்கள நான் பார்த்ததே இல்ல பாய்" என்பாள். போனை வைத்தே பிழைப்பவள் இப்படிப் பேசலாமா என்று நான் கிண்டல் பண்ணுவேன். அவள் சிரிக்க மாட்டாள்.

அவளுடைய ஒரே மகள் மலர்விழிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பேச்சும் இல்லை. புருஷன் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட, தாயும் மகளுமாகத் தங்களுக்கென்று ஒரு கை பாஷையை உண்டாக்கிக்கொண்டார்கள். மூக்குத்தியைத் தொட்டால் அம்மா. தாடியை நீவினால் நான், தஸ்தகீர் பாய். தாடியை நீவிவிட்டு மூக்கைச் சுருக்கினால் நான் கோபமாக இருக்கிறேன் என்று அர்த்தம். அதைத்தான் அந்தப் பெண் அடிக்கடி செய்துகொண்டிருந்தாள்.

எல்லாவற்றிலும் பெரிய சொல் ஒன்று உண்டு. மலர்விழி சின்னவளாக இருந்தபோது கரண்ட் போனால் அலறுவாள். இருட்டிவிட்டால் அம்மாவின் கை தெரியாதே, உலகமே வாயை மூடிக்கொண்டதுபோல ஆகிவிடுமே! அப்போது செல்வி தடவிப் போய் மகளின் மோவாயில் கட்டைவிரலை வைத்து அழுத்துவாள். பயப்படாதே, நான் இங்கேதான் இருக்கிறேன் என்று பொருள். உடனே அழுகை நிற்கும். பிற்பாடு வெளிச்சத்திலும் அதையே பேசிக்கொண்டார்கள். மகள் பள்ளிக்கூட பஸ் ஏறும்போது ஜன்னல் வழியாகத் தன் மோவாயில் விரலை வைத்துக் காட்டுவாள். கீழே நிற்கிற தாயும் வைத்துக் காட்டுவாள்.

அந்தப் பெண் கல்யாணமாகிப் புனாவுக்குப் போனாள். மாப்பிள்ளை தமிழழகனுக்கும் காது கேட்காது. அங்கே ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டரில் வரைபடம் போடும் வேலை. தங்கமான பையன். ஆனால் அவளைக் கூட்டிக்கொண்டு போன நாளிலிருந்து, மேஜைமேல் மூன்று டெலிபோன் வைத்திருந்த செல்வி சொந்த மகளோடு பேச வழியில்லாமல் போனாள். என் செல்போனுக்கு மலர்விழி மெசேஜ் அனுப்புவாள். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதியிருப்பாள். நான் படித்துச் சொல்வேன். "அது நீங்க பேசறது பாய், எம் பொண்ணு பேசறது இல்ல" என்று செல்வி தலையைத் திருப்பிக்கொள்வாள். எனக்குக் கோபம் வரும். வேலையைப் போட்டுவிட்டுப் படித்துச் சொன்னவனுக்குக் கிடைத்த மரியாதை அது.

இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம் சித்திரையில் மாப்பிள்ளை மட்டும் ஊருக்கு வந்தார். கம்பெனியில் கழித்துக் கொடுத்த பாம்டாப் ஒன்றைக் கொண்டு வந்திருந்தார். உள்ளங்கையில் அடங்குகிற பெட்டி; முகவரி, போன் நம்பர், நாள்குறிப்பு எல்லாம் வைத்துக்கொள்கிற சாமான். முகம் முழுக்கக் கண்ணாடி. ஒரு குச்சியால் தொட்டால் வேலை செய்யும். அதற்குத் தனியாக இன்டர்நெட் கிடையாது. என் செல்போனிலோ இன்டர்நெட் வரும், பெரிய படத்தைக் காட்டத் திரை பத்தாது. இரண்டையும் சேர்க்க வேண்டும் என்று மாப்பிள்ளை கையாலேயே சொன்னார்.

"ஒயர் எங்க?" என்றேன். அவர் சிரித்துவிட்டு என் போனின் தலைப் பக்கத்தைக் காட்டினார். கறுஞ்சிவப்பில் பொடிக் கண்ணாடி ஒன்று பதிந்திருந்தது. பாம்டாப்பின் தலையிலும் அதே மாதிரி ஒன்று. அவர் தன் கண்ணைத் தொட்டார், என் கண்ணைத் தொட்டார், நடுவில் விரலால் ஒரு கோடு இழுத்தார். கண்ணும் கண்ணும் பார்த்தால் போதுமாம். ஸ்டூலில் இரண்டையும் ஒரு சாண் இடைவெளியில் எதிரும் புதிருமாக வைத்தார். குறுக்கே யாரும் கை நீட்டக் கூடாது. தொழுகிறவர் முன்னால் குறுக்கே போகக் கூடாதல்லவா, அந்த மாதிரி என்று நான் மனதில் வைத்துக்கொண்டேன்.

கடைத்தெருவில் டவர் சரியாக எடுக்கவில்லை. கோமுகி அணைக் கரைக்குப் போனோம். பின்னால் மலை, முன்னால் தண்ணீர், நடுவில் ஒரு ஸ்டூல். போன் ஊரெல்லாம் தேடிவிட்டு ஒரு வழியாகப் பிடித்தது. புனாவிலிருந்து மெயிலில் அனுப்பிய ஒரு படம் பாம்டாப்பில் மேலிருந்து கீழாக இறங்க ஆரம்பித்தது, நெசவுப் பாவில் துணி வளர்கிற மாதிரி ஒவ்வொரு இழையாக. கடைசியில் மலர்விழி நின்றாள். ஒரு கை மூக்குத்தியில், மறு கை வாயில் சோறு வைக்கிற பாவனையில்.

"சாப்டேனான்னு கேக்கறா பாய்!" என்று செல்வி கத்தினாள். பிறகு படத்தைப் பார்த்தே, "சாப்டேண்டி" என்று கையைக் காட்டினாள். அங்கே தெரியுமா என்ன? அதைச் சொல்லி அவளைக் கிண்டல் பண்ண எனக்கு வாய் வரவில்லை. எனக்கும் மேல் சிலிர்த்துப் போயிருந்தது. புனா எங்கே, கோமுகி எங்கே? நடுவில் ஒரு நூல்கூடக் கிடையாது. அந்தப் பெண்ணின் கை காற்றில் வந்து இறங்கிவிட்டது.

மாப்பிள்ளை பாம்டாப்பை எங்களிடம் விட்டுவிட்டுப் புனாவுக்குத் திரும்பினார். அதற்கப்புறம் வாரத்துக்கொரு தரம் செல்வியும் நானும் அணைக்கரைக்குப் போனோம். மலர்விழி முழுகாமல் இருப்பதும் அப்படி ஒரு படத்தில்தான் தெரிந்தது.

இன்றைக்கு அந்த பூத் இல்லை. அதே இடத்தில் செல்வி ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறாள். தினமும் வீடியோவில் மகளும் அவளும் கையை ஆட்டிச் சண்டை போடுகிறார்கள். அவர்கள் பேசும்போது நானும் எட்டிப் பார்த்துத் தாடியை நீவிவிட்டு வருகிறேன். அதில் எனக்குப் பெரிய அதிசயம் ஒன்றும் தெரிவதில்லை. பார்க்க வேண்டிய அதிசயத்தை அந்த வருஷத்து ஆயுத பூஜை அன்றைக்கே பார்த்துவிட்டேன்.

அப்போது ரமலான் மாதமும் சேர்ந்து வந்திருந்தது. நான் நோன்பு. என் கடையில் பிளக் கெட்டுப் போயிருந்ததால் போனை முதல் நாளே செல்வியிடம் சார்ஜுக்குக் கொடுத்திருந்தேன். காலையில் வாங்கப் போனால் மூன்று டெலிபோனுக்கும் பில் மெஷினுக்கும் சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். பக்கத்தில் பாம்டாப். அதற்குப் பக்கத்தில் என் போன். அதற்கும் நெற்றி நிறையப் பொட்டு.

"இன்னாம்மா, என் போனையும் உங்க ஜாதியில சேத்துட்டியா?"

"அது இல்லன்னா எம் பொண்ணு ஏது பாய்? அதுக்குத்தான் மொதல்ல வச்சேன். தப்பா?"

"தப்பு இன்னா, இருக்கட்டும்" என்று அப்படியே வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஆசையாக வைத்த பொட்டை அவள் கண் முன்னால் துடைப்பது மரியாதையில்லை. பிறகும் துடைக்க மனம் வரவில்லை.

மதியத்துக்கு மேல் பூத்தில் போன் அடித்தது. பலகைக்கு இந்தப் பக்கம் எனக்குச் செல்வியின் குரல் மட்டும் கேட்டது. "எப்ப? இன்னும் மாசம் இருக்கேங்க... ஆபரேஷனா?" நான் எழுந்து பூத்துக்குப் போனேன். அந்தப் பக்கம் புனாவிலிருந்து மாப்பிள்ளையின் அப்பா. அவள் ரிசீவரைக் காதில் அழுத்திக்கொண்டு, "சம்பந்தி, அவள கையக் காட்டச் சொல்லுங்க. போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க மாப்ளய" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"இன்னா சொல்றாங்க?" என்றேன்.

"ரெண்டு பேரும் நல்லாக்கீறாங்களாம். நீங்க கவலப்படாதீங்கன்றாரு."

"அப்புறம் இன்னாம்மா? நல்ல சேதிதான?"

"இந்தக் கூண்டுல நின்னுக்கினு எத்தினி பேரு அப்பிடியே சொல்லிக் கேட்டுக்கீறேன் பாய்" என்றாள். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மறுநாள் ரயிலுக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. ஆனால் அங்கே போய்ச் சேரும்வரை மகள் இருக்கிறாளா என்று தெரியாமல் அவளால் ரயிலில் உட்கார முடியாது. அது எனக்கும் தெரிந்தது. கள்ளக்குறிச்சியில் பிரவுசிங் சென்டர் ஒன்றுகூட அன்றைக்குத் திறக்கவில்லை. எல்லாக் கம்ப்யூட்டரும் மாலை போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தன.

பொழுது சாயும் நேரத்துக்கு அணைக்கரைக்குப் போனோம். ஸ்டூலில் வைத்தோம். பாம்டாப் தேடியது. எதிரில் ஒன்றுமே இல்லை என்று திரையில் எழுதிக் காட்டியது. எதிரில் ஒரு சாண் தூரத்தில் போன் உட்கார்ந்திருக்கிறது! மறுபடி தட்டினோம். மறுபடியும் அதே. வெயில் படுகிறதோ என்று என் துண்டை விரித்துப் பிடித்தேன். கிட்ட நகர்த்தினேன், தள்ளி வைத்தேன். டவர் நன்றாகத்தான் இருந்தது.

"சனியன், இன்னிக்குப் பார்த்து இப்பிடிப் பண்ணுதே!" என்று சத்தம் போட்டேன். நோன்புக்காரன் அப்படிப் பேசியிருக்கக் கூடாது.

செல்வி கத்தவில்லை. மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "கண்ணு மூடிக்கிச்சு பாய். அவளுக்கு இன்னாவோ ஆயிடுச்சி" என்றாள். அப்படியெல்லாம் பேசாதே என்று அதட்டினேன்.

ஊர்ப் பள்ளிவாசலில் பாங்கு சொல்வது லேசாகக் கேட்டது. அந்த நிலையிலும் அவள் கூடையைத் துழாவி ஒரு பொட்டலத்தை எடுத்தாள். "பொரிகடலை. படைக்கறதுக்கு முன்னாடியே உங்களுக்குத் தனியா எடுத்து வச்சிட்டேன். தொறங்க பாய்" என்றாள். தண்ணீர் குடித்து நோன்பு திறந்தேன். பொரியில் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டேன். மலர்விழிக்காக அல்லாவிடம் துஆ கேட்டேன்.

அவள் போனை மடியில் வைத்துக்கொண்டு, தூங்குகிற பிள்ளையைத் தடவுவதுபோலத் தடவிக்கொண்டிருந்தாள். திடீரென்று விரலைத் தூக்கிப் பார்த்தாள். விரல் நுனியில் குங்குமம்.

"பாய்..."

போனை வாங்கித் தலைப்பக்கம் திருப்பினேன். முகத்தில் வைத்த பொட்டு சட்டைப் பையிலேயே அழிந்துவிட்டிருந்தது. ஆனால் தலையில், அந்தக் கறுஞ்சிவப்புக் கண்ணாடிமேல், நல்ல கனமாக அப்பிய சந்தனம் காய்ந்து கெட்டியாக இருந்தது.

"அது வழியாத்தான அவ வர்றா. அதனால அதுக்கு நெறய வச்சேன்" என்றாள் செல்வி.

"நானும்தான தொடைக்காம வச்சிக்கினு இருந்தேன்" என்றேன். துண்டை நனைத்துப் போனின் கண்ணையும் பாம்டாப்பின் கண்ணையும் துடைத்தேன்.

வைத்தோம். தொட்டோம். பிடித்துவிட்டது.

படம் மேலிருந்து இறங்கியது. முதலில் வெள்ளைச் சுவர். பிறகு கலைந்த தலைமுடி. பிறகு பொட்டில்லாத நெற்றி. செல்வி மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள். நானும் அப்படித்தான். அடுத்த இழைகளுக்கு அவ்வளவு நேரம் பிடித்தது. புருவம் வந்தது. கண் வந்தது. திறந்திருந்தது, எங்களையே பார்த்தது. மூக்கு, காய்ந்த உதடு, அதற்குக் கீழே மோவாய். மோவாயில் அவள் கட்டைவிரல் அழுந்தியிருந்தது.

அத்தோடு திரை நிறைந்துவிட்டது.

"இருக்கறா பாய். அவதான் சொல்றா, பயப்படாதன்றா" என்று செல்வி தேம்பினாள். பழக்கதோஷத்தில் அவள் கையும் தானாக நீண்டது. படத்திலிருந்த மகளின் மோவாயில் தன் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள்.

தொட்டதும் படம் அசைந்தது. நான் பதறி, எடு எடு என்றேன். அவள் எடுக்கவில்லை. விரல் நடுங்க நடுங்கப் படம் அதோடு சேர்ந்து மேலே நகர்ந்தது. திரைக்குக் கீழே இன்னும் படம் இருந்திருக்கிறது. மலர்விழியின் மடி வந்தது. மடியில் துணி சுற்றி, ஒரு பிடிகூட இல்லாத பச்சைக் குழந்தை. வாயைப் பிளந்து அழுதுகொண்டிருந்தது.

மலர்விழியின் மறு கைக் கட்டைவிரல் அந்தக் குழந்தையின் மோவாயில் இருந்தது.