ராஜா பாடிய கடைசிப் பாட்டு

நான் எழுதிய நாவலைக் கூத்தாகப் போடப்போகிறேன் என்று வாத்தியார் வந்து நின்றபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. எழுதுகிறவர்கள் எல்லாரும் நாடகமாகாதா, சினிமாவாகாதா என்று தவம் கிடக்கிறார்கள். எனக்கோ வந்த மனுஷரை எப்படி வெளியே அனுப்புவது என்றுதான் யோசனை ஓடியது. நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிறவள். கதை எழுதுகிறேன் என்பது விருத்தாசலத்தில் என் தெருவுக்கே தெரியாது. தெரியாது என்ற தைரியத்தில்தான் அந்த நாவலை எழுதினேன்.

அது என் தங்கையின் கதை. நல்லூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் அவளைக் கட்டிக்கொடுத்தோம். புருஷன் நெல் அறுக்கும் மிஷின் ஓட்டுகிறவன். குடி கிடையாது, சீட்டு கிடையாது, ஊரில் தங்கமான பிள்ளை என்று பெயர். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினால் இடுப்பு பெல்ட்டைக் கழற்றுவான். ஒரு நாள் காது கிழிந்து, முந்தானையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பஸ் ஏறி என் வாசலில் வந்து நின்றாள் அவள். பெரியவர்கள் கூடிப் பேசி, அக்காவோடே இருக்கட்டும் என்று விட்டார்கள். அந்த ஆள் போகும்போது என் முகத்துக்கு நேரே சொன்னான்: "இருக்கட்டும். ஆனா இந்த வெவகாரம் நாலு பேரு வாயில விழுந்துச்சின்னு வையி, அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் உசுரோட இருக்க மாட்டீங்க." சொன்னதைச் செய்கிறவன் அவன்.

அதன்பிறகு அவள் செராமிக் கம்பெனி ஒன்றில் பொம்மைகளுக்குக் கலர் அடிக்கும் வேலைக்குப் போனாள். கண்ணுக்கு மை தீட்டுவது, உதட்டுக்குச் சிவப்பு வைப்பது. நாவல் அச்சாகி வந்ததும் முதல் பிரதியை அவளிடம்தான் கொடுத்தேன். புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "எனக்குத் தெரியாததா அதுல இருக்கப் போவுது?" என்று அலமாரியில் வைத்துவிட்டாள்.

வாத்தியாருக்கு அது யார் கதை என்று தெரியாது. கூத்தாடுகிற குழுவான ஜமாவின் தலைவர் என்பதால் அவருக்கு வாத்தியார் என்று பெயர், பாடம் நடத்துகிறவர் இல்லை. பெரிய தொண்டை, அதைவிடப் பெரிய சிரிப்பு. "ஆயுத பூசைக்குக் கம்பெனியில கூத்து கேக்குறாங்க டீச்சரம்மா. பழைய கதையையே எத்தினி வாட்டி போடுறது? லைப்ரரில ஒங்க புஸ்தகம் கெடச்சிது, பதிப்பகத்துல கேட்டு வெலாசம் வாங்கினேன். படிச்சிட்டு எங்க வூட்டுல ரெண்டு நாளா பேச்சே இல்ல" என்றார். எந்தக் கம்பெனி என்று கேட்டேன். என் தங்கை வேலை செய்கிற கம்பெனியேதான். அட கடவுளே!

வேண்டாம் என்றேன். ஏன் என்றார். காரணத்தைச் சொல்ல முடியுமா? நான் முழித்த முழிப்பை அவர் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். மறுவாரமே பாதிப் பாட்டு கட்டி எடுத்துக்கொண்டு வந்து, என் சாப்பாட்டு மேஜையில் தாளம் தட்டிப் பாடிக் காட்டினார். அப்போதுதான் அடுத்த குண்டைப் போட்டார். "ஒங்க கதையில புருஷங்காரனுக்குப் பேரும் இல்ல, ஊரும் இல்ல. கூத்துல அது ஆவாதுங்க. திரைக்கு முன்னால வர்ற எந்த வேஷமா இருந்தாலும் நான் இன்னாரு, இன்ன ஊருன்னு பாடிட்டுத்தான் ஆட்டத்துல எறங்கணும். கட்டியக்காரன் நிறுத்தி வெச்சிக் கேப்பான்."

கட்டியக்காரன் கூத்தின் கோமாளி. அவன் வாயில் எது வரும் என்று அவனுக்கே தெரியாது. ஜனங்களைச் சிரிக்கவைக்க நல்லூர் என்று ஒரு வார்த்தை விட்டான் என்றால் போதும். இந்தக் காலத்தில் எல்லார் கையிலும் போன். எவனாவது வீடியோ எடுத்து அனுப்பினால் விடிவதற்குள் அந்த ஆள் பார்த்துவிடுவான். நிஜ ஊர் எதுவும் கூடவே கூடாது, மிஷின் டிரைவர் என்றும் சொல்லக்கூடாது என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன்.

"அவ்வளவுதான? ராஜாவாக்கிப்புடுறேன்" என்றார் வாத்தியார். இல்லாத ஒரு தேசத்துக்கு ராஜா. பெல்ட் சாட்டை ஆயிற்று, வீடு அரண்மனை ஆயிற்று. எனக்கு அப்பாடா என்றிருந்தது.

ஆனால் அவருக்கு இன்னொரு குறை இருந்தது. நாவலில் அந்த ஆள் ஒரு வார்த்தைகூடப் பேசமாட்டான். பைக் வந்து நிற்கும் சத்தம், தாழ்ப்பாள், பெல்ட்டின் கொக்கி, இவ்வளவுதான் எழுதியிருந்தேன். அவன் குரலை எழுத எனக்குத் தெம்பு இல்லை. "பேசாத ராஜாவ எங்க கொண்டு நிறுத்துறது? பாடுனாத்தாங்க வேஷம். அதுவும் கடைசியில மனசு திருந்தி ஒரு பாட்டு பாடணும். இல்லன்னா ஜனங்க வவுறு எரிஞ்சிக்கிட்டே வூட்டுக்குப் போவாங்க" என்றார் வாத்தியார். மன்னிப்புக் கேட்கிற பாட்டா? எனக்குச் சிரிப்புகூட வந்தது. அந்த ஆளாவது, மன்னிப்பாவது! அப்படிப் பாடினால் உலகத்தில் ஒருத்தருக்கும் அவன் ஞாபகம் வராது, நமக்கு அதைவிடப் பாதுகாப்பு ஏது என்று தலையாட்டினேன்.

ஆயுத பூஜை அன்று சூளையைக் கழுவிப் பொட்டு வைத்து, பொம்மை காயவைக்கிற முற்றத்தில் மேடை போட்டிருந்தார்கள். விடிய விடிய ஆடும் கூத்து இல்லை. வெளிச்சம் இருக்கும்போதே தொடங்கி, சாப்பாட்டு வேளைக்கு முடிகிற மாதிரி சுருக்கியிருந்தார் வாத்தியார். தங்கை மாம்பழக் கலர் சேலை கட்டி, கூட வேலை செய்கிற பெண்களோடு முன்னால் உட்கார்ந்தாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேனே தவிர, கண் முழுக்கப் பின்பக்கம்தான் இருந்தது. கேட்டுக்கு அருகே ஒருவன் ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தான். அதே உயரம், அதே தோள்.

திரையை விலக்கிக்கொண்டு ராஜா வந்தார், வாத்தியாரேதான் அந்த வேஷம். கிரீடமும் மினுக்கும் தோள்கட்டையுமாக அவர் சுழன்று ஆடியபோது விசில் பறந்தது. கட்டியக்காரன் வழிமறித்தான். "யோவ் ராஜா, நீ எந்த ஊரு? பாத்தா நம்ம பக்கத்து ஆளு மாதிரி இருக்குது?" நான் தங்கையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ராஜா, இல்லாத அந்தத் தேசத்தின் பேரைப் பாடினார். கேட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். ஹெல்மெட்காரன் சாவகாசமாக அதைக் கழற்றிவிட்டு டீ கேனை இறக்கிக்கொண்டிருந்தான். கம்பெனிக்கு டீ கொண்டுவருகிற ஆள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அடிக்கிற காட்சி வந்தது, சாட்டை தரையில் விழுந்தது, ராணி அழுதுகொண்டே காட்டுக்குப் போனாள். தங்கை சிலையாக உட்கார்ந்திருந்தாள். பிறகு கடைசிப் பாட்டு. ராஜா கிரீடத்தைக் கழற்றித் தரையில் வைத்தார். வேர்வையில் முகத்துச் சாயம் வழிய, ராணி முன்னால் மண்டிபோட்டு வலது கையை நீட்டினார்.

"அடித்த கை இதுதானே தேவி,
இதை நீயே ஒடித்துப் போடு…"

அவர் தொண்டையா அது! திரும்பத் திரும்ப அந்த ஒரே வரி, ஒவ்வொரு தடவையும் இறங்கி இறங்கி, கடைசியில் முனகலாகிவிட்டது. பெண்கள் எல்லாரும் மூக்கைச் சிந்தினார்கள். எனக்கே, அத்தனையும் தெரிந்த எனக்கே, கண் கலங்கியது. அப்போதுதான் தங்கையைப் பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருக்க, கன்னத்தில் கண்ணீர் ஓடுவதும் தெரியாமல், உடம்பே மேடைப் பக்கம் சாய உட்கார்ந்திருந்தாள்.

"கேட்டியாக்கா? கைய ஒடிச்சிப் போடுன்னு சொல்றாரு" என்றாள்.

"யாருடீ சொல்றது?" என்று கேட்டேன். அவள் கண் மேடையை விட்டு நகரவில்லை. கேட்டைப் பார்த்துக்கொண்டு பயந்ததெல்லாம் ஒரு பயமே இல்லை என்று அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்தது.

வீட்டில் பாத்திரம் தேய்க்கும்போது அந்தப் பாட்டை முனகினாள். துணி மடிக்கும்போது முனகினாள். அவனிடம் திரும்பிப் போகாதே என்று நான் சொல்லலாம். ஆனால் அவள் மனதில் இல்லாவிட்டால் நானே எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அதனால் வாயை மூடிக்கொண்டு, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முதலில், வெளியூர் போனால் அவள் எடுத்துப்போகிற துணிப்பை ஆணியில் தொங்குகிறதா என்று பார்ப்பேன். தொங்கினால்தான் செருப்பைக் கழற்றுவேன்.

ஒரு நாள் சாயங்காலம் ஆணி வெறுமனே இருந்தது. போன் அடித்தேன், அணைத்து வைத்திருந்தாள். ஆட்டோ பிடித்து பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். வேர்க்கடலை விற்கிற அம்மா அவளை நன்றாகத் தெரிந்தவர். "ஒன் தங்கச்சியா? காலையிலயே நல்லூரு பஸ்ஸுல ஏறி ஒக்காந்துச்சே. அழுத மாதிரி இருந்துச்சி, கூப்பிட்டேன், திரும்பல" என்றார்.

காலையில் போனவள் இந்நேரம் அந்தக் கதவுக்குள் இருப்பாள். கதவைச் சாத்தியிருப்பான். தனியாக அந்த ஊருக்குப் போய் நிற்க எனக்குத் துணிச்சல் இல்லை. துணைக்கு யாரைக் கூப்பிடுவது? வாத்தியார் ஞாபகம்தான் வந்தது, ஆத்திரத்தோடு வந்தது. பாடிக் கெடுத்தவரே வந்து மீட்டுத் தரட்டும். சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிற வேகத்தில் அவர் வீட்டு வாசலில் ஏறினேன்.

உள்ளே என் தங்கை உட்கார்ந்திருந்தாள். துணிப்பை மடியில் இருந்தது. எதிரே வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். அவ்வளவு பெரிய மனுஷர் ஒடுங்கிப்போய் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும், இது யார் கதை என்று அவரிடம் அவள் சொல்லிவிட்டாள் எனப் புரிந்தது.

"அந்தப் பாட்ட எடுத்துடுங்க வாத்தியாரே" என்றாள் அவள். நான் வந்ததைப் பார்த்தும் பேச்சை நிறுத்தவில்லை. "அடுத்தாப்ல கருவேப்பிலங்குறிச்சியில ஆடப்போறீங்களாமே, அங்க அது வாணாம்."

"அதாம்மா ஜனங்க அழுவுற எடமே…"

"நானுந்தான் அழுதேன். பாட்டக் கேட்டதுலேருந்து ஒரே நெனப்பு. இன்னிக்கு பஸ்ஸேறிட்டேன். அந்த ஊருல எறங்கி, தெருவுக்குள்ளயும் நொழைஞ்சிட்டேன். வூட்டு வாசல்ல பைக்கு நின்னுச்சி. அதப் பாத்ததுந்தான் ஒறைச்சிது, பாடுனது நீங்க, அவரு இல்லன்னு."

நான் மெல்லப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, மடியிலிருந்த பையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். இரண்டு கைகளாலும் அதைப் பிடித்துக்கொண்டேன்.

வாத்தியார் தொண்டையைச் செருமினார். பாதி அவளிடமும் பாதி தன்னிடமுமாகக் கேட்டார்: "அப்ப, ராணி திரும்பி வந்து நின்னா ராஜா இன்னாம்மா சொல்லுவாரு?"

தங்கை கொஞ்சம்கூட யோசிக்கவில்லை.

"சோறு ஆயிடுச்சான்னு கேப்பாரு."